கொடுவாக் குஞ்சுக்கு எத்தனை வேளைத் தீவனம்? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

கெலோங்கில், அதாவது கடலில் மிதக்கும் மீன்பண்ணையில், வேலைக்குச் சேரும் தம்பிகள் முதல் வாரத்திலேயே கேட்பது இதுதான்: "அண்ணே, குஞ்சுக்கு ஒரு நாளைக்கு எத்தனை தடவை போடணும்?" தீவன மூட்டையில் ஓர் எண் அச்சிட்டிருக்கும். பக்கத்துப் பண்ணையில் கேட்டால் வேறு எண் சொல்வார்கள். ஒரே மூட்டைத் தீவனம், ஒரே நாளில் வந்து இறங்கிய குஞ்சு, ஆனால் ஒரு தொட்டியில் எடுபட்ட எண் அடுத்த தொட்டியில் எடுபடாது.

சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் நடுவிலுள்ள ஜோகூர் நீரிணையில் மிதக்கும் பண்ணைகளில் பல வருடமாகக் கொடுவாக் குஞ்சு பார்த்துக்கொள்கிறேன். மலாயில் சியாக்காப் என்றும் கடைகளில் பாராமுண்டி என்றும் சொல்வது இந்த மீனைத்தான். நான் பார்த்தவரை வேளைக் கணக்கால் வந்த தொல்லைகளைவிட, வேளைகளுக்கு நடுவில் விட்ட இடைவெளியால் வந்த தொல்லைகளே அதிகம். ஐந்து வேளை போட்டேன் என்று ஒருவர் நோட்டில் எழுதுவார். நேரத்தைப் பார்த்தால் எட்டு மணிக்கும் நான்கு மணிக்கும் நடுவில் ஐந்தையும் முடித்திருப்பார். மிச்சம் பதினாறு மணி நேரம் குஞ்சு வெறும் வயிற்றோடு கிடக்கும்.

அதனால் இதை அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்கள் தொட்டியில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

கை வைப்பதற்கு முன்

தொடக்கத்துக்கு ஒரு கணக்கு வேண்டும். கொடுவாக் குஞ்சு 1 முதல் 5 கிராம் வரை இருக்கும்போது உடல் எடையில் 8 முதல் 10 சதவீதத் தீவனத்தை நான்கு முதல் ஆறு வேளையாகப் பிரித்துப் போடலாம். 5 முதல் 20 கிராம் வரை 5, 6 சதவீதம், மூன்று நான்கு வேளை. 20 கிராமைத் தாண்டியதும் 3, 4 சதவீதம், இரண்டு மூன்று வேளை. 100 கிராமுக்கு மேல் இரண்டு வேளையே பெரும்பாலும் போதும். மீன் சாப்பிடுவதைப் பார்த்து இதைக் கூட்டவும் குறைக்கவும் வேண்டியிருக்கும்.

ஓர் உதாரணம். தொட்டியில் 5,000 குஞ்சு, சராசரி எடை 3 கிராம் என்றால் மொத்தம் 15 கிலோ மீன். 8 சதவீதம் என்றால் ஒரு நாளைக்கு 1.2 கிலோ தீவனம். ஐந்து வேளைக்குப் பிரித்தால் வேளைக்கு 240 கிராம். இந்தக் கணக்குக்குச் சராசரி எடை சரியாகத் தெரிந்திருக்க வேண்டும். குஞ்சு பருவத்தில் ஒரு வாரத்துக்கு முன் எடுத்த எடை இன்றைக்கு உதவாது. வாரம் ஒருமுறை 50 குஞ்சையாவது வாளித் தண்ணீரில் எடைபோட்டுப் பாருங்கள். வலையை ஓர் ஓரமாக விட்டு, தானாக வந்து மாட்டுவதை மட்டும் அள்ளினால் தைரியமான பெரிய குஞ்சுதான் வரும். தொட்டியின் நடு, ஓரம், அடி மூன்றிலும் அள்ளுங்கள்.

எண்ணிக்கை ஏன் எடையோடு மாறுகிறது? கொடுவாவுக்கு இரைப்பை உண்டு, அதில் ஒரு வேளைக்கு இவ்வளவுதான் கொள்ளும். குஞ்சு சிறிதாக இருக்கும்போது இரைப்பையும் சிறிது. உடலோ வேகமாக வளரத் துடிக்கும். நம் கடல் தண்ணீர் வருடம் முழுக்க ஏறக்குறைய 28 முதல் 31 டிகிரிக்குள் நிற்பதால் செரிமானமும் வேகம். வயிறு காலியாகி நீண்ட நேரம் ஓடினால் வளர்ச்சிக்குப் போக வேண்டிய நேரம் வீணாகிறது. முந்தைய வேளை செரிக்கும் முன்னே அடுத்ததைத் திணித்தால், அரைகுறையாகச் செரித்ததைக் குடல் தள்ளிவிடும். தீவனம் கழிவாகத் தண்ணீரில் கலக்கும்.

சந்தேகம் வந்தால் வயிற்றையே பார்த்துவிடலாம். அடுத்த வேளைக்குச் சற்று முன் மூன்று நான்கு குஞ்சை எடுத்து, ஐஸ் தண்ணீரில் போட்டு அமைதியாக்கி, கத்திரியால் வயிற்றைத் திறந்து பாருங்கள். இரைப்பை கெட்டியாக, தீவனம் இன்னும் உருக்குலையாமல் இருந்தால் இடைவெளி போதவில்லை. கூழாகிப் பாதிக்கு மேல் காலியாகியிருந்தால் அடுத்த வேளைக்குத் தயார். சுருங்கி வெள்ளையாக, பித்தப்பை மட்டும் பச்சையாக உப்பித் தெரிந்தால் குஞ்சு வெகுநேரமாகப் பட்டினி. என் தொட்டியில் 3 கிராம் குஞ்சுக்கு மூன்றரை, நான்கு மணி நேர இடைவெளி பொருந்தி வந்தது. உங்கள் தண்ணீருக்கும் தீவனத்துக்கும் எவ்வளவு என்பதை நீங்களே திறந்து பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். நான்கு குஞ்சை இழக்க மனமில்லாமல் நானும் பல நாள் தள்ளிப்போட்டிருக்கிறேன். ஆனால் ஆயிரக்கணக்கில் போவதைத் தடுப்பது அந்த நான்குதான்.

அறிகுறி: போட்டதும் பாய்ந்து தின்கிறது, ஆனால் எடை ஏறவில்லை

தீவனம் தண்ணீரில் விழுந்ததும் கொதிப்பதுபோல் பொங்கி, இரண்டு மூன்று நிமிடத்தில் மேற்பரப்பு துடைத்துவிட்டதுபோல் ஆகிவிடும். புதுத் தம்பிகள் இதைப் பார்த்து மகிழ்வார்கள். "அண்ணே, நல்லா சாப்பிடுதுண்ணே!" அது நன்றாகச் சாப்பிடுவதாக இருக்கலாம், கடும் பசியாகவும் இருக்கலாம். வாரக் கடைசியில் எடை பார்த்தால் தெரிந்துவிடும்.

முதலில் மொத்தத் தீவனம் போதுமா என்று பாருங்கள். சராசரி எடை பழையதாக இருந்தால் நீங்கள் 8 சதவீதம் என்று நினைத்துப் போடுவது உண்மையில் 5 சதவீதமாக இருக்கும். அப்படியானால் வேளையைக் கூட்ட வேண்டாம், அளவைத் திருத்துங்கள்.

அளவு சரி, ஆனாலும் எடை ஏறவில்லை என்றால் அதே அளவை இன்னும் ஒரு வேளைக்குப் பிரித்துப் பாருங்கள். இங்கேதான் பலரும் தவறு செய்கிறார்கள். மூன்று வேளையை ஐந்தாக்கும்போது மொத்தத் தீவனத்தையும் சேர்த்தே கூட்டிவிடுவார்கள். எடை ஏறினால் எதனால் ஏறியது என்று தெரியாது, ஏறாவிட்டாலும் தெரியாது. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

இரண்டு தொட்டி இருந்தால் சோதனை எளிது. ஒரே அளவாகத் தரம் பிரித்த குஞ்சை ஒரே எண்ணிக்கையில் இரண்டிலும் விடுங்கள். நாளுக்கு ஒரே மொத்த அளவு. ஒன்றில் மூன்று வேளை, மற்றதில் ஐந்து. பதினான்கு நாள் கழித்து எடைபோடுங்கள். ஐந்து வேளைத் தொட்டியில் 2 கிராம் குஞ்சு 5 கிராம் ஆனது, மூன்று வேளைத் தொட்டியில் 4.4 கிராம் ஆனது என்று வைத்துக்கொள்வோம். கைப்பேசிக் கால்குலேட்டரில் எல்என் (ln) பொத்தான் இருக்கும். கடைசி எடையின் எல்என்னிலிருந்து முதல் எடையின் எல்என்னைக் கழித்து, நாள் கணக்கால் வகுத்து, நூறால் பெருக்குங்கள். முதல் தொட்டியின் தினசரி வளர்ச்சி 6.5 சதவீதம், மற்றது 5.6 சதவீதம். இந்த வித்தியாசம் இருந்தால் இரண்டு வேளைக்கான கூடுதல் உழைப்பு நியாயம்தான். அடுத்த சுற்றில் ஐந்தையும் ஏழையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அநேகமாக ஒட்டியே நிற்கும். ஓர் எல்லைக்குமேல் வேளையைக் கூட்டுவதில் மீனுக்கு லாபமில்லை, ஆளுக்குத்தான் அலைச்சல்.

அறிகுறி: பெரியதும் சிறியதுமாகப் பிரிகிறது, எண்ணிக்கை குறைகிறது, செத்த மீனைக் காணோம்

கொடுவாவில் இதுதான் முதல் எதிரி. மற்ற எல்லா அறிகுறிகளையும் சேர்த்தாலும் இந்த ஒன்றுக்கு இணையாகாது.

முதன்முதலில் நான் இதைப் பார்த்தது ஒரு திங்கட்கிழமை காலை. தொட்டியின் ஓரத்தில் ஒரு குஞ்சு மற்றவற்றோடு சேராமல் தள்ளாடிக்கொண்டிருந்தது. நோய் என்று நினைத்து வலையில் எடுத்தேன். அதன் வாயிலிருந்து இன்னொரு வால் நீட்டிக்கொண்டிருந்தது. உள்ளே போன குஞ்சின் தலை வயிற்றுத் தோல் வழியே நிழலாகத் தெரிந்தது. விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் இரண்டும் சேர்ந்தே செத்தன. அதற்குப் பிறகு உட்கார்ந்து எண்ணிப் பார்த்தபோதுதான் இழப்பு எவ்வளவு என்று புரிந்தது. மூன்று வாரமாக நோட்டில் "சாவு: 2", "சாவு: 0" என்று எழுதிக்கொண்டிருந்தோம். தண்ணீரில் மிதக்காத சாவை யாரும் எழுதவில்லை.

கொடுவா தன் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு வரை உள்ள மீனை விழுங்கிவிடும். 6 சென்டிமீட்டர் குஞ்சுக்கு 4 சென்டிமீட்டர் குஞ்சு இரை. எடையில் சொன்னால், பெரியதன் எடையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத குஞ்சு ஆபத்தில் இருக்கிறது. 1 சென்டிமீட்டரிலிருந்து ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் வரை இந்தப் பழக்கம் இருக்கும். முதல் இரண்டு மாதம்தான் மிக மோசம்.

இதற்கும் வேளைக்கும் என்ன தொடர்பு? மூன்று வகையில் தொடர்பு.

ஒன்று, நீண்ட இடைவெளி. பசித்த கொடுவா அசையும் எதையும் வாயில் போடும். தொட்டியில் அசைவது பக்கத்துக் குஞ்சுதான். நமக்குப் பகல் பன்னிரண்டு மணி நேரம், சூரியன் ஏழு மணிவாக்கில் உதித்து ஏழு மணிவாக்கில் மறையும். மாலை ஐந்துக்குக் கடைசி வேளை, காலை எட்டுக்கு முதல் வேளை என்றால் பதினைந்து மணி நேரப் பட்டினி. வால் கடிபட்ட குஞ்சு காலையில் அதிகம் தெரிவது இதனால்தான். வேளையின் எண்ணிக்கையைத் தொடாமல் கடைசி வேளையை மட்டும் ஆறரை, ஏழுக்குத் தள்ளுங்கள். விளக்கு போட்ட தொட்டியானால் எட்டரை வரைகூடப் போகலாம். ஒரு வாரத்திலேயே வித்தியாசம் தெரியும்.

இரண்டு, ஒரே இடத்தில் கொட்டுவது. ஒரு மூலையில் நின்று ஒரே கையில் கொட்டினால் பெரியவை அந்த மூலையைப் பிடித்துக்கொள்ளும். சிறியவை ஓரத்தில் நின்று பார்க்கும். இன்று ஒரு கவளம் அதிகம் தின்றது நாளைக்கு இன்னும் பெரியதாகி, நாளை மறுநாள் இன்னும் அதிகம் தின்னும். வேளை எத்தனை கூட்டினாலும் இது சரியாகாது. வேளையைக் கூட்டி, வேளைக்கான அளவை மிகவும் குறைத்துவிட்டால் இன்னும் மோசமாகும். பெரியவை நிறையும் முன்னே தீவனம் தீர்ந்துவிடும், சிறியவற்றுக்கு எதுவும் போய்ச் சேராது. எனவே முதல் கைப்பிடிகளை நடுவில் வீசிப் பெரியவற்றை அங்கே இழுத்து வையுங்கள். அவை நிறைந்து வேகம் குறைந்ததும் ஓரம் முழுக்கச் சுற்றி நடந்து தூவுங்கள். தூறல் விழுவதுபோல் மெதுவாக விழ வேண்டும். நீங்கள் பார்க்க வேண்டியது நடுவில் பொங்கும் கூட்டத்தை அல்ல. சுவரோரம் நிற்கும் சிறிய குஞ்சைப் பாருங்கள். அதன் வயிறு உருண்டு தெரிந்தால்தான் அந்த வேளை முடிந்தது.

மூன்று, ஞாயிற்றுக்கிழமை. இதை எந்தத் தீவன மூட்டையும் சொல்லாது. வாரத்தில் ஆறு நாள் ஐந்து வேளை. ஞாயிறு அன்று ஆட்கள் தேக்காவுக்கு, அதாவது சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவுக்கு, போய்விடுவார்கள். வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டும், சாமான் வாங்க வேண்டும், ஊர்க்காரர்களைப் பார்க்க வேண்டும். அவர்களுக்கு இருப்பது அந்த ஒரு நாள்தான், அதில் கைவைக்கக் கூடாது. பண்ணையில் ஒருவர், இருவர்தான் இருப்பார்கள். குஞ்சுத் தொட்டிக்கு இரண்டு வேளை விழுந்தால் பெரிது. திங்கள் காலை நான் பார்த்த அந்த வால் சனிக்கிழமை மாலைக்கும் திங்கள் காலைக்கும் நடுவில் நடந்தது. பிறகு ஆளுக்கு ஒரு ஞாயிறு என்று முறை வைத்தோம். கூண்டில் இருக்கும் பெரிய மீனுக்கு ஒரு வேளை போதும், குஞ்சுத் தொட்டிக்கு மட்டும் ஐந்து வேளையும் நேரம் தவறக் கூடாது என்று எழுதி ஒட்டினோம். கைகுறைவான நாளில் எதை விடலாம், எதை விடக் கூடாது என்று முன்கூட்டியே முடிவு செய்துவிடுங்கள்.

இவையெல்லாம் பிரிவதைத் தாமதப்படுத்தும், முழுதாகத் தடுக்காது. ஐந்து நாளுக்கு ஒருமுறை, குறைந்தது வாரம் ஒருமுறை குஞ்சை அளவு வாரியாகத் தரம் பிரித்தே ஆக வேண்டும். பிரிப்பதற்கு முந்தைய கடைசி வேளையை விட்டுவிடுங்கள். நிறைந்த வயிற்றோடு அள்ளினால் தீவனத்தைக் கக்கும், தண்ணீர் கெடும், குஞ்சு மூச்சு முட்டும். பிரித்த பிறகு ஓரிரு மணி நேரம் ஓய்வு கொடுத்துவிட்டுப் பாதி அளவில் தொடங்குங்கள்.

"நடுவில் ஒரு நாள் பட்டினி போட்டால் மறுநாள் இரட்டிப்பாகத் தின்று ஈடுகட்டிவிடும்" என்று சிலர் சொல்வார்கள். பட்டினிக்குப் பிறகு வேகமாக வளர்வது மீன்களில் உண்மையாகவே உண்டு. பெரிய மீனில் அதை வைத்துத் திட்டமிடலாம். கொடுவாக் குஞ்சில் ஒருபோதும் வேண்டாம். ஈடுகட்டுவது தீவனத்தால் இருக்காது, தன் கூட்டாளிகளால் இருக்கும்.

அறிகுறி: தீவனத்துக்கு மெதுவாக வருகிறது, அடியில் மிச்சம் கிடக்கிறது

பத்து நிமிடத்துக்குப் பிறகும் மூழ்கும் தீவனம் அடியில் கிடக்கிறது, மிதக்கும் தீவனம் ஓரத்தில் ஒதுங்கிக்கொண்டிருக்கிறது, குஞ்சு வாயில் எடுத்துத் துப்புகிறது. இப்படி இருந்தால் முதலில் தீவனக் குருணையின் பருமனைப் பாருங்கள். குருணை வாய்த் திறப்பில் பாதிக்குமேல் இருந்தால் விழுங்காமல் துப்பும். சிறிய குருணைக்கு மாறியதும் சரியாகிவிடும். ஈரம் ஏறி வாடை மாறிய மூட்டையாகவும் இருக்கலாம். மிதக்கும் பண்ணையில் உப்புக்காற்றும் ஈரமும் அதிகம், திறந்த மூட்டையை மூடி போட்ட டப்பாவில் வையுங்கள்.

தீவனத்தில் குறையில்லை என்றால் இடைவெளி குறுகலாக இருக்கிறது. மேலே சொன்னபடி வயிற்றைத் திறந்து பாருங்கள். இரைப்பை நிறைந்திருந்தால் ஒரு வேளையைக் குறையுங்கள், மொத்த அளவிலும் பத்து சதவீதம் குறைத்து மூன்று நாள் கவனியுங்கள்.

தானியங்கித் தீவனப் பெட்டி வைத்த தொட்டிகளில் இந்த அறிகுறி அதிகம். பெட்டி நேரம் தவறாது, ஆனால் மீனைப் பார்க்காது. மேகமூட்டமான நாளிலும் அதே அளவைக் கொட்டும். பெட்டியைக் குறை சொல்லவில்லை, குஞ்சு பருவத்தில் எட்டு, பத்து சிறு வேளை போட மனித ஆளால் முடியாது. ஆனால் நாளின் முதல் வேளையையும் கடைசி வேளையையும் கையால் போடுங்கள். பசி கூடியதா குறைந்ததா என்பது கையில் தெரியும்.

அறிகுறி: வளர்ச்சி நன்றாக இருக்கிறது, ஆனால் தீவனச் செலவு தாங்கவில்லை

போட்ட தீவனத்தை ஏறிய எடையால் வகுங்கள். 12 கிலோ போட்டு மீன் 10 கிலோ ஏறினால் 1.2. குஞ்சுத் தொட்டியில் இது ஒன்றை ஒட்டி இருக்க வேண்டும். 1.5, 1.8 என்று போனால் தீவனம் எங்கோ ஒழுகுகிறது. பெரும்பாலும் காரணம் இரண்டு: வயிறு தாங்காத அளவு வேளை, அல்லது நான் முன்பு சொன்ன காணாமல்போன குஞ்சு. தின்னப்பட்ட குஞ்சுக்குப் போட்ட தீவனமும் கணக்கில் இருக்கிறது, அதன் எடை இல்லை. அதனால் வேளையைக் குறைப்பதற்கு முன் ஒருமுறை தலை எண்ணிவிடுங்கள்.

அறிகுறி: சாப்பிட்ட பிறகு மேலே வந்து வாயைத் திறக்கிறது

தீவனத்தைச் செரிக்க மீனுக்கு ஆக்சிஜன் வேண்டும். சாப்பிட்ட அடுத்த சில மணி நேரம் ஆக்சிஜன் தேவை ஏறியே இருக்கும். 1 கிலோ தீவனத்துக்குக் கால் கிலோ முதல் அரை கிலோ வரை ஆக்சிஜன் செலவாகும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரே வேளையில் அதிகம் போட்டால் தேவை ஒரே நேரத்தில் உச்சிக்குப் போகும். அதே அளவைப் பிரித்தால் உச்சி தாழும். இந்த ஒரு காரணத்துக்காகவே வேளையைக் கூட்டலாம்.

தண்ணீரில் ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் வழக்கம்போல் போடுங்கள். 4க்குக் கீழ் போனால் பாதி. 3க்குக் கீழ் என்றால் ஒரு குருணைகூட வேண்டாம், காற்றூட்டியைக் கவனியுங்கள். பாசி நிறைந்த தண்ணீரில் ஆக்சிஜன் மிகத் தாழ்ந்திருப்பது விடியலுக்குச் சற்று முன். இரவுப் பட்டினியைக் குறைக்க வேண்டும் என்று ஆறு மணிக்கே போடத் தோன்றும். ஆக்சிஜன் மீட்டரைப் பார்க்காமல் போடாதீர்கள். இரவு இடைவெளியை மாலைப் பக்கம் நீட்டிக் குறைப்பதே பத்திரம்.

அமோனியா பின்னாலேயே வரும். 45 சதவீதப் புரதம் உள்ள தீவனம் 1 கிலோ போட்டால் சுமார் 40 கிராம் அமோனியா நைட்ரஜன் தண்ணீரில் சேரும். கடலில் மிதக்கும் கூண்டில் ஓட்டம் அடித்துக்கொண்டு போய்விடும். நிலத்தில் இருக்கும் சுழல் நீர்த் தொட்டியில் அதே தண்ணீர் திரும்பத் திரும்பச் சுற்றுவதால் வடிகட்டிதான் தாங்க வேண்டும். அங்கே காலை ஒரு பெரிய வேளை, மாலை ஒரு பெரிய வேளை என்று போட்டால் சாப்பிட்டுச் சில மணி நேரம் கழித்து அமோனியா குதிக்கும். காலையில் மட்டும் சோதித்துவிட்டு "தண்ணீர் சரி" என்று எழுதுபவர்களுக்கு இந்தக் குதிப்பு கண்ணில் படவே படாது. பெரிய வேளைக்கு ஐந்து மணி நேரம் கழித்து ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.

அறிகுறி: வயிறு உப்பியிருக்கிறது

சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்குள் உப்பினால் அது நிறைவு. காலையில் முதல் வேளைக்கு முன்னாலும் உப்பியிருக்கிறது, முதுகு மெலிந்து கத்தி மாதிரி இருக்கிறது, நிறம் கறுத்திருக்கிறது என்றால் வேளையோடு விளையாடாதீர்கள். கொடுவாக் குஞ்சுகளில் பெருவயிறு நோய் என்று ஒரு பாக்டீரியா நோய் இருக்கிறது. இளம் குஞ்சுகளில் வந்தால் கூட்டமாகச் சாகும். தொட்டியைத் தனிமைப்படுத்துங்கள், அந்த வலையையும் வாளியையும் வேறு தொட்டிக்குக் கொண்டுபோகாதீர்கள், மீன் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

அறிகுறி: நேற்றுவரை தின்றது, இன்று மொத்தமாக நிறுத்திவிட்டது

எல்லாத் தொட்டியிலும், எல்லாக் கூண்டிலும் ஒரே நாளில் நின்றால் காரணம் தண்ணீர். பெருமழைக்குப் பிறகு மேற்பரப்பில் உப்பு குறையும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தண்ணீர் ஒன்றிரண்டு டிகிரி குளிரும், பசியும் சற்றுக் குறையும். ஓட்டம் மந்தமான நாட்களில் கூண்டுக்குள் ஆக்சிஜன் இறங்கும். தண்ணீரின் நிறம் பழுப்பாகவோ செம்மையாகவோ மாறினால் உடனே தீவனத்தை நிறுத்துங்கள். 2015 பிப்ரவரி கடைசியில் கிழக்கு ஜோகூர் நீரிணையில் பாசிப் பெருக்கம் வந்தபோது சாங்கி, பாசிர் ரிஸ் பக்கம் கரை முழுக்கச் செத்த மீன் ஒதுங்கியது. முந்தைய ஆண்டும் அப்படி ஓர் இழப்பு நடந்தது. அந்த நேரத்தில் "சாப்பிடவில்லையே" என்று கவலைப்பட்டு வேளையைக் கூட்டுவது மூச்சுத் திணறுபவருக்குச் சோறு ஊட்டுவதற்குச் சமம். வெறும் வயிற்று மீனுக்கு ஆக்சிஜன் தேவை குறைவு, அதுவே அதைப் பிழைக்க வைக்கலாம்.

ஒரே ஒரு தொட்டியில் மட்டும் நின்றால் அந்தத் தொட்டியில் நேற்று என்ன மாறியது என்று தேடுங்கள். புது மூட்டை, புது ஆள், புது இடத்துக்கு நகர்த்திய விளக்கு. எல்லாவற்றையும் நான் பார்த்திருக்கிறேன்.

வேறு மீன் வளர்த்தால்

சிவப்புத் திலாப்பியாவின் வயிறு சிறியது, நாள் முழுக்க மேய்கிற பழக்கம். குஞ்சுக்குச் சிறுசிறு வேளையாக அடிக்கடி போடுவது அதற்கு இன்னும் பொருந்தும். கெண்டை இனத்துக்கு இரைப்பையே கிடையாது, ஒரே வேளையில் நிறையப் போட்டால் வீண். களவா கொடுவாவைப்போல் விழுங்கும் மீன், அதிலும் குஞ்சு ஒன்றையொன்று தின்னும், தரம் பிரிக்காமல் இருக்க முடியாது.

எதை மாற்றியும் சரியாகவில்லை

ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு வாரம் கொடுத்தும் பலனில்லை என்றால் மருத்துவரை அழையுங்கள். செத்து மிதந்ததைக் கொடுக்காதீர்கள், நம் வெயிலில் அது ஒரு மணி நேரத்திலேயே கெட்டுவிடும். உயிரோடு சோர்ந்திருக்கும் ஐந்தாறு குஞ்சை ஆக்சிஜன் அடைத்த பையில் கொடுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க நல்ல தொட்டியிலிருந்து இரண்டு மூன்று குஞ்சும் சேர்த்துக் கொடுங்கள். கூடவே நோட்டையும் கொடுத்தனுப்புங்கள். அதில் ஒவ்வொரு வேளையும் எத்தனை மணிக்குத் தொடங்கியது, எத்தனை நிமிடத்தில் முடிந்தது, என்ன மிச்சம், ஆக்சிஜன் எவ்வளவு, ஓரத்துக் குஞ்சு தின்றதா என்ற ஐந்து விஷயங்கள் இருந்தால் போதும். மருத்துவர் முதலில் கேட்பது "கடைசியாக எப்போது நன்றாகச் சாப்பிட்டது?" என்பதாகத்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைப் பக்கமும் நிரம்பியிருக்கிறதா என்று கொடுப்பதற்கு முன் ஒருமுறை புரட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.